கட்டளைக்குக் காத்திருந்த பெட்டி

அதற்கு ஆன்-ஆஃப் சுவிட்சே கிடையாது. வயரைச் செருகினால் உயிர் வரும், பிடுங்கினால் போய்விடும். ஏ4 தாளைவிடச் சிறிய கறுப்புப் பெட்டி. எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். மேலே 40 ரப்பர் பொத்தான்கள், வலது ஓரத்தில் சாய்வாக நான்கு வண்ணப் பட்டைகள். வீட்டு டி.வி.யின் ஆன்டெனா துளையில் இன்னொரு வயரைச் செருகி, 36-வது சேனல் பக்கமாகத் திருகித் தேடினால் வெள்ளைத் திரை ஒன்று தெளியும். அடியில் ஒரே வரி: கம்பெனியின் பெயர், 1982 என்ற ஆண்டு. என்டரைத் தட்டினால் அந்த வரியும் மறைந்து, ஓர் எழுத்து மட்டும் விட்டுவிட்டு மின்னும். அடுத்து என்ன என்று பெட்டி சொல்லாது. உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

அதுதான் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரல் 23 அன்று பிரிட்டனில் அறிமுகமானது. 16 கே நினைவகம் கொண்டது 125 பவுண்டு, 48 கே கொண்டது 175 பவுண்டு. இன்று கைபேசியில் நாம் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவைக்கூட அந்த 48 கே-யில் அடைக்க முடியாது. இருந்தும் ஏறத்தாழ 50 லட்சம் பெட்டிகள் விற்றன. அன்று அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவர்களை நம்பித்தான் 2024 நவம்பரில் அதே உருவம், அதே ரப்பர் பொத்தான்களோடு ஒரு புதிய 'ஸ்பெக்ட்ரம்' கடைக்கு வந்தது.

இளமைக்கால ஏக்கம் என்று இதை ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சைக்கிள் மீதும் டிரான்சிஸ்டர் மீதும் நமக்கு இருக்கும் பாசம் வேறு வகை. இந்தப் பெட்டிகளில், பயன்படுத்துகிறவர் ஒருவர், புரோகிராம் எழுதுகிறவர் இன்னொருவர் என்ற பிரிவு கிடையாது. கடையில் வாங்கி வந்த அன்று மாலையே பத்து வயதுப் பையனும் ஏதோ ஒன்றை எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் திரையில் ஒன்றும் நடக்காது. அப்படி ஓர் இயந்திரம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மட்டுமே வீடுகளில் இருந்தது. அந்தக் காலத்தைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

கையைக் கடிக்காத விலை

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் என்ற எண்ணம் அமெரிக்காவில் பிறந்தது. 1975 ஜனவரி 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது. அதில் கீபோர்டும் கிடையாது, திரையும் கிடையாது. முன்பக்கத்தில் வரிசையாகச் சுவிட்சுகள், மேலே சிவப்பு விளக்குகள். பாகங்களாக வாங்கி நாமே ஈயம் உருக்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். 1977-ல் ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 மூன்றும் அடுத்தடுத்து வந்தன. பெட்டியைப் பிரித்ததும் வேலை செய்யும் இயந்திரங்கள் அவை. ஆனால் ஆப்பிள் 2-வின் ஆரம்ப விலையே 1,298 டாலர். சம்பளக்காரர் வீட்டுக்கு அது எட்டாத பொருள்.

பிரிட்டனில் ஸ்பெக்ட்ரமைக் கொண்டுவந்த கிளைவ் சின்க்ளேருக்கு விலைதான் முதல் கவலை. பாக்கெட் கால்குலேட்டர்களில் பேரெடுத்தவர். 1980-ல் இசட்எக்ஸ்80-ஐ 100 பவுண்டுக்கு ஐந்து பென்ஸ் குறைவாகக் கொடுத்தார். அடுத்த ஆண்டே இசட்எக்ஸ்81: கட்டி முடித்தது 69.95 பவுண்டு, பாகங்களாக வாங்கினால் 49.95. முந்தையதில் 21 சில்லுகள் இருந்தன. ஃபெரான்டி நிறுவனம் செய்து கொடுத்த ஒரே சில்லுக்குள் பெரும்பாலானவற்றைத் திணித்து இதில் நான்காகக் குறைத்துவிட்டார்கள். செய்தித்தாள் விற்கும் டபிள்யூ.ஹெச். ஸ்மித் கடைகளில், பேனா பென்சிலுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. 15 லட்சத்துக்கும் மேல் விற்றது.

குறைகளும் கொஞ்சமில்லை. இசட்எக்ஸ்81-ன் நினைவகம் வெறும் 1 கே. திரை முழுக்க எழுத்தால் நிரப்பினால் அந்த 1 கே-யில் முக்கால் பங்கு அதற்கே தீர்ந்துவிடும், மிச்சத்தில்தான் புரோகிராம். போதாது என்பவர்கள் 16 கே கட்டி ஒன்றை வாங்கிப் பின்னால் செருகிக்கொள்வார்கள். அது சரியாக உட்காராது. மேசையில் கை பட்டால் ஆடும். ஆடினால் இயந்திரம் நின்றுபோகும். இரண்டு மணி நேரம் அடித்ததெல்லாம் போய்விடும். சுவரில் படம் ஒட்டும் பசையை வைத்து அந்தக் கட்டியை அசையாமல் ஒட்டிவைத்த வீடுகள் ஏராளம். தபாலில் பணம் கட்டியவர்களுக்கு 28 நாளில் அனுப்புகிறோம் என்பார்கள். ஸ்பெக்ட்ரம் பலருக்கு வந்து சேர மாதக்கணக்கானது. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டுப் பழைய நாளைப் புகழ்வது நேர்மையாக இருக்காது. ஆனாலும் அந்த விலைதான் கதவைத் திறந்தது. ஆலைத் தொழிலாளி வீட்டுப் பையனும் கல்லூரிப் பேராசிரியர் வீட்டுப் பையனும் ஒரே ரப்பர் பொத்தானைத் தட்டினார்கள்.

கேம்பிரிட்ஜில் ஒரு பங்காளிச் சண்டை

கிறிஸ் கர்ரி, சின்க்ளேரிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1978-ல் பிரிந்து, ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஹெர்மன் ஹவுசரோடு சேர்ந்து அதே கேம்பிரிட்ஜில் தொடங்கிய நிறுவனம்தான் ஏகார்ன். அப்போது பிபிசி, நாட்டு மக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க டி.வி. தொடர் ஒன்றைத் திட்டமிட்டிருந்தது. தொடரில் காட்ட ஓர் இயந்திரம் வேண்டும். அதன் மேல் பிபிசியின் பெயரே இருக்கும். சின்க்ளேரும் ஏகார்னும் போட்டிக்கு நின்றார்கள்.

பிபிசி ஆட்கள் பார்க்க வருவதற்கு ஒரு வாரம்கூட இல்லை. ஏகார்னிடமோ இயந்திரம் இல்லை, வரைபடம் மட்டுமே இருந்தது. ஹவுசர், ஏகார்னின் பொறியாளர்களில் ஒருவரான ஸ்டீவ் ஃபர்பரிடம் போய் "சோஃபி வில்சன் முடியும் என்கிறார்" என்றார். இன்னொரு பொறியாளரான வில்சனிடம் போய் "ஃபர்பர் முடியும் என்கிறார்" என்றார். இருவரும் நம்பி வேலையில் இறங்கினார்கள். விருந்தினர் வரும் நாள் காலை வரை பெட்டி அசையவில்லை. கடைசியில், சோதனைக்காக இன்னொரு இயந்திரத்தோடு இணைத்திருந்த கம்பியை வெட்டிவிடச் சொன்னார் ஹவுசர். வெட்டியதும் வேலை செய்தது.

ஒப்பந்தம் ஏகார்னுக்குப் போனது. 1981 டிசம்பரில் வந்தது பிபிசி மைக்ரோ. 12,000 விற்கலாம் என்பது முதல் கணக்கு. விற்றதோ 15 லட்சம் அளவில். சின்க்ளேரின் பெட்டியைவிட இருமடங்கு விலை. ஆனால் நல்ல கீபோர்டு, கெட்டியான உடல், பின்னாலும் அடியிலும் எதை வேண்டுமானாலும் இணைக்கத் துளைகள். பிரிட்டனில் அன்று பள்ளிக்குப் போனவர்களுக்குக் கம்ப்யூட்டர் என்றால் அதுதான். அதில் புரோகிராம் எழுத இருந்த பேசிக் மொழியை உருவாக்கியவர் சோஃபி வில்சன். பின்னர் அவரும் ஃபர்பரும் வடிவமைத்த சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று முதன்முறையாக ஓடியது. பெயர் ஏஆர்எம். இதைப் படிக்கிறவர் கையில் கைபேசி இருந்தால், அதற்குள் பெரும்பாலும் அந்தக் குடும்பத்துச் சில்லுதான் இருக்கும்.

பகை தீரவில்லை. சின்க்ளேர் பெட்டிகள் அடிக்கடி பழுதாகித் திரும்பி வருகின்றன என்று சாடை காட்டி 1984 கிறிஸ்துமஸ் நேரத்தில் ஏகார்ன் விளம்பரம் கொடுத்தது. கேம்பிரிட்ஜில் 'பேரன் ஆஃப் பீஃப்' என்ற மதுக்கூடத்தில் கர்ரியைப் பார்த்த சின்க்ளேர், கையிலிருந்த செய்தித்தாளைச் சுருட்டி அவரை அடித்தார். ஒன்றரை ஆண்டுக்குள் இருவர் நிலைமையும் தலைகீழானது. 1985-ல் ஏகார்னின் பெரும்பான்மைப் பங்கு இத்தாலியின் ஒலிவெட்டி கைக்குப் போனது. 1986-ல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் தொழிலை 50 லட்சம் பவுண்டுக்கு ஆம்ஸ்ட்ராட் வாங்கிக்கொண்டது.

கேசட் போட்ட சத்தம்

அந்தத் தலைமுறையிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது சத்தம். டிஸ்க் டிரைவ், பெட்டியைவிட விலை அதிகம். அதனால் பாட்டுக் கேட்கும் சாதாரண கேசட் பிளேயர்தான் சேமிப்புக்கும். லோட் என்று கட்டளை கொடுத்து, கேசட்டில் பிளே பொத்தானை அமுக்கினால் ஒரே சீரான நீண்ட ஊதல் வரும். திரையைச் சுற்றியுள்ள ஓரப்பகுதியில் சிவப்பும் வெளிர்நீலமுமாகத் தடித்த கோடுகள் ஊரும். பெட்டிக்குத் தாளம் பிடித்துக்கொள்ள அந்த ஊதல். பிறகு சட்டென்று கரகரப்பு; ஓரக் கோடுகள் மெலிந்து நீலமும் மஞ்சளுமாக நடுங்கும். தகவல் உள்ளே வருகிறது என்று பொருள்.

அந்தக் கரகரப்புக்குள் இருப்பது எளிமையான ஏற்பாடு. பூஜ்யத்துக்கு ஒரு குட்டை அலை, ஒன்றுக்கு அதைப்போல் இருமடங்கு நீளமான அலை. நொடிக்குச் சராசரியாக 1,500 பிட். ஒரு முழு விளையாட்டு ஏறி முடிக்க நான்கைந்து நிமிடம் பிடிக்கும். ஒலி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும், டேப்பில் தூசி இருந்தாலும், நாலாவது நிமிடத்தில் பிழைச் செய்தி வந்து நிற்கும். மறுபடி ரீவைண்ட். கேசட் பிளேயரின் ஹெட்டைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் துளித்துளியாகத் திருகிச் சரி பார்க்க எட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. சத்தத்தைக் கேட்டே இது ஏறும், இது ஏறாது என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்றையும் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். விளையாட்டு ஏறுவதற்கு முன் அதன் அட்டைப்படம் திரையில் உருவாகும். மேலிருந்து கீழாக ஒழுங்காக வராது. திரை மூன்று பட்டையாகப் பிரிந்திருக்கும்; முதல் பட்டையில் எட்டுப் புள்ளிக்கு ஒரு கோடாக முதலில் வரும், பிறகு அவற்றின் இடைவெளிகள் ஒவ்வொன்றாக நிரம்பும். அது முடிந்து இரண்டாம் பட்டை, பிறகு மூன்றாவது. படம் கறுப்பு வெள்ளையில் முழுமையானதும், கடைசி நான்கு நொடியில் வண்ணம் மேலிருந்து கீழே வழிந்து இறங்கும். வேடிக்கைக்காகச் செய்ததில்லை இது. ஓர் எழுத்தை வரையும்போது அடுத்த புள்ளி வரிசைக்கு இறங்க, முகவரியின் மேல்பாதியில் ஒன்றைக் கூட்டினால் போதும் என்று நினைவகத்தை அடுக்கியிருந்தார்கள், வேகத்துக்காக. மொத்தத் திரைக்கும் 6,912 பைட். அதில் 6,144 புள்ளிகளுக்கு, 768 வண்ணங்களுக்கு. அதாவது எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறம். சிவப்பு மனிதன் பச்சை மரத்தைத் தாண்டினால் மரமும் சிவப்பாகிவிடும், அல்லது மனிதன் பச்சையாகிவிடுவான்.

இந்தக் கணக்கை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பெக்ட்ரம் வைத்திருந்த பல பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். தங்கள் இயந்திரத்தில் எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தலைக்குள் வைத்துக்கொள்ள முடிந்த கடைசித் தலைமுறை அது. இன்று கணினிப் பொறியாளரிடம் கேட்டாலும் தன் மடிக்கணினி முழுவதும் தனக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டார், சொல்லவும் முடியாது.

அச்சில் வந்த விளையாட்டுகள்

பெட்டியோடு சுருள் கம்பி போட்ட கனத்த புத்தகம் வரும். ஸ்பெக்ட்ரமின் பேசிக்கை எழுதிய ஸ்டீவ் விக்கர்ஸே அதையும் எழுதினார். ஒலி எழுப்பும் கட்டளைக்கு உதாரணமாக மாலரின் முதல் சிம்பொனியில் வரும் சவ ஊர்வல இசையை எடுத்துக்கொண்டிருப்பார். சொந்தமாக எழுத்துருவம் வரைய எட்டுக்கு எட்டுப் புள்ளியில் கிரேக்க எழுத்து 'பை'-யை வரைந்து காட்டியிருப்பார். அந்தக் கட்டத்தில் நம் 'ணௌ'வை வரையச் சொன்னால் கை உடைந்துவிடும் என்று எனக்குத் தோன்றும். பிள்ளைகளுக்கான சாமானுக்கு எழுதிய புத்தகம்தான். ஆனால் படிக்கிறவரைச் சிறியவராக எண்ணி ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

புத்தகத்தை முடித்தவர்களுக்கு மாத இதழ்கள் இருந்தன. பக்கம் பக்கமாகப் புரோகிராம் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டும். ஒருவர் வரி வரியாக வாசிக்க, இன்னொருவர் அடிப்பார். கமாவுக்குப் பதில் புள்ளி விழுந்தால் ஓடாது. எங்கே பிழை என்று தேடத் தேடத்தான் அந்த வரி என்ன செய்கிறது என்றே புரியும். அச்சுப் பிழை இதழிலேயே இருப்பதும் உண்டு. திருத்தம் அடுத்த மாதம் வரும். பொறுமை இல்லாதவர்கள் தாங்களே கண்டுபிடித்துத் திருத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பயிற்சி அது. கடையில் காட்சிக்கு வைத்திருந்த பெட்டிகளில் பிள்ளைகள் அடித்துவிட்டு ஓடிய இரண்டு வரிப் புரோகிராம் உலகப் புகழ் பெற்றது: 10 என்ற வரியில் யாரையாவது சீண்டும் வாசகம், 20 என்ற வரியில் 10-க்குத் திரும்பிப் போ. திரை முழுக்க அந்த வாசகம் ஓடிக்கொண்டே இருக்கும், கடைக்காரர் வந்து வயரைப் பிடுங்கும்வரை.

இடம் குறையக் குறைய மூளை கூர்மையானது. 1983-ல் டேவிட் ஹார்ன் என்பவர் இசட்எக்ஸ்81-ன் 1 கே-க்குள் சதுரங்கம் ஆடும் புரோகிராம் ஒன்றை எழுதினார். அளவு 672 பைட். இந்தப் பத்தியை யூனிகோடு தமிழில் சேமிக்க அதைவிடக் கூடுதல் இடம் வேண்டும். அதே ஆண்டில் 17 வயது மேத்யூ ஸ்மித் 'மேனிக் மைனர்' என்ற விளையாட்டை எழுதி நாடறிந்தவரானார். 1984-ல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோவுக்கு 'எலீட்' எழுதினார்கள். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். ஒவ்வோர் உலகத்துக்கும் பெயர், அரசு, வணிகம். 32 கே இயந்திரத்தில் இவ்வளவையும் எங்கே வைப்பது? வைக்கவே இல்லை. சில எண்களை விதையாகப் போட்டு, முந்தைய எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் ஃபிபனாச்சி வழியில், தேவைப்படும்போது தேவைப்படும் உலகம் மட்டும் முளைத்தது. எழுதத் தொடங்கியபோது பெரிய நிறுவனம் ஒன்றும் அந்தப் பையன்கள் பின்னால் இல்லை. விடுதி அறையும் ஒரு பெட்டியும்தான்.

பெல்கிரேடில் வானொலியில் வந்த புரோகிராம்

பிரிட்டன் கதை மட்டுமே சொல்லப்படுவது எனக்கு வருத்தம். யுகோஸ்லாவியாவில் 50 ஜெர்மன் மார்க்குக்கு மேல் விலையுள்ள பொருளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரத் தடை இருந்தது. ஸ்பெக்ட்ரம்கூட அந்த வரம்புக்கு மேல். 1983 கோடை விடுமுறையில் மாண்டினீக்ரோ கடற்கரைக்குப் போயிருந்த வோயா அன்டோனிச் என்ற பொறியாளருக்கு ஒரு யோசனை வந்தது. கம்ப்யூட்டரில் விலை அதிகம் பிடிப்பது திரைக்குப் படம் அனுப்பும் பகுதி. அந்த வேலையை மையச் சில்லே பார்த்துக்கொண்டால் என்ன? ஊர் திரும்பிச் செய்து பார்த்தார். வேலை செய்தது.

அதை அவர் காப்புரிமை வாங்கி விற்கவில்லை. டெயான் ரிஸ்டானோவிச் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து, 'கலாக்சியா' அறிவியல் இதழின் சிறப்பு வெளியீட்டில் வரைபடம், பாகங்களின் பட்டியல், செய்முறை எல்லாவற்றையும் அப்படியே அச்சிட்டுவிட்டார். இயந்திரத்துக்கும் கலாக்சியா என்றே பெயர். 4 கே-க்குள் முழு பேசிக் மொழியும் அடங்க வேண்டும் என்பதால் பிழைச் செய்திகளே மூன்றுதான்: என்ன? எப்படி? மன்னிக்கவும். படித்துப் பார்த்துத் தாங்களே கட்டி முடித்ததாக 8,000-க்கும் மேற்பட்டவர்கள் இதழுக்கு எழுதினார்கள்.

புரோகிராம்களுக்கு எங்கே போவது? பெல்கிரேட் வானொலி 202-ல் ஜோரான் மோட்லி தன் நிகழ்ச்சியில் பாட்டுகளுக்கு நடுவே அந்தக் கரகரப்பை ஒலிபரப்பினார். வீடுகளில் ரேடியோ முன்னால் கேசட்டில் பதிவு செய்து, பெட்டியில் போட்டால் விளையாட்டு ஓடியது. எங்கோ ஒரு நேயர் எழுதியது, காற்று வழியே இன்னொரு நேயர் வீட்டுக்கு. நெதர்லாந்து வானொலியும் இதைச் செய்தது. வீடுகளுக்கு இணையம் வருவதற்குப் பத்தாண்டு முன்பு நடந்த விஷயம்.

யாருடைய நினைவு?

இந்தப் பழைய பெட்டிகளை நினைவுகூரும் கூட்டங்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அது தற்செயல் இல்லை. இசட்எக்ஸ்81-ஐயும் ஸ்பெக்ட்ரமையும் செய்தது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இருந்த டைமெக்ஸ் கைக்கடிகார ஆலை. நுணுக்கமான வேலைக்குப் பழகிய பெண்களின் கைகள்தான் அங்கே பெட்டிகளைக் கோத்தன. ஆனால் விளம்பரப் படங்களில் பெட்டியின் முன் அமர்ந்தது பையன். அப்பா தோளில் கை வைத்திருப்பார். வீட்டிலும் பெரும்பாலும் பெட்டி அண்ணன் அறையில்தான் இருந்தது. அமெரிக்காவில் கணினிப் பட்டம் வாங்கியவர்களில் பெண்களின் பங்கு 1984 வாக்கில் 37 சதவீதத்தைத் தொட்டது. அதன்பின் அது இறங்கிக்கொண்டே போனது. வீட்டுக் கம்ப்யூட்டரோடு வளர்ந்த தலைமுறை கல்லூரிக்குள் நுழைந்த நேரமும் அதுவே. பெண்களைத் தள்ளிவைத்தது பெட்டியில்லை; அதை யாருக்கு என்று சொல்லி விற்றார்களோ, அந்தப் பேச்சு. இந்தக் காலத்தை நேசிக்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டைமெக்ஸ் ஆலை 1993-ல் கசப்பான வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மூடப்பட்டது. ஆனால் ஊரில் விதை விழுந்திருந்தது. அந்த ஆலையில் பயிற்சித் தொழிலாளியாக இருந்த டேவிட் ஜோன்ஸ் தொடங்கிய டிஎம்ஏ டிசைன் நிறுவனம், 1991-ல் 'லெம்மிங்ஸ்' விளையாட்டைக் கொடுத்தது. 1997-ல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' கொடுத்தது.

மின்னும் எழுத்து மறைந்த பிறகு

தொண்ணூறுகளில் வீட்டுக் கம்ப்யூட்டர் என்பது படக்குறிகளைச் சொடுக்கும் இயந்திரமானது. வசதிதான், என் அம்மா வயதுக்காரர்களும் இயக்க முடிந்தது அதனால்தான். ஆனால் பேசிக் மொழி கண்ணிலிருந்து மறைந்தது. 2000-களின் நடுவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாணவர் சேர்க்கையைப் பார்த்துக்கொண்ட எபன் அப்டன், விண்ணப்பிக்கிறவர்களின் எண்ணிக்கையும் அவர்களுக்குத் தெரிந்த விஷயமும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குவதைக் கவனித்தார். அவரே பிபிசி மைக்ரோவில் கற்றவர். அதிலிருந்து பிறந்தது ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரி 29 அன்று வந்த அதன் முதல் பலகை 35 டாலர். 'மாடல் ஏ', 'மாடல் பி' என்ற பெயர்கள் பிபிசி மைக்ரோவிலிருந்து எடுத்தவை. இதுவரை 6 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. 2020-ல் வந்த பை 400-ல் முழுக் கம்ப்யூட்டரும் கீபோர்டுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பெக்ட்ரமைப் போலவே டி.வி.யில் செருகிக்கொள்ளலாம்.

நம் வீட்டுக்கு வந்தது எப்போது?

இந்தியாவுக்கு அதே பிபிசி மைக்ரோ 1984-85லேயே வந்தது. வீட்டுக்கு வரவில்லை, பள்ளிக்கு வந்தது. 'கிளாஸ்' என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சுமார் 250 மேல்நிலைப் பள்ளிகளில் வைத்தார்கள். பள்ளிக்குச் சில பெட்டிகள், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். தொட்டவர்கள் குறைவு, எட்டிப் பார்த்தவர்கள் அதிகம். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் கம்ப்யூட்டர் அறிமுகமானது சுஜாதாவின் எழுத்தில்தான். அடுத்து, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பக்கத்தில் முளைத்த கம்ப்யூட்டர் சென்டர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போக வேண்டும், ஃபிளாப்பியை நாமே வாங்கிப் போக வேண்டும், மணிக்கணக்குக்குக் காசு. டாஸ், வேர்ட்ஸ்டார், டிபேஸ். வேலைக்காகக் கற்றது. விளையாடிக் கெடுத்துப் பார்க்க யாரும் விட மாட்டார்கள். வீட்டில் பெட்டி வந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில், அதுவும் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாகப் பேரம் பேசி அசெம்பிள் செய்ய வசதியுள்ளவர்களுக்கு.

லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த ஆண்டு 2011. தமிழ்நாடு அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது அந்த செப்டம்பரில். அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டன. உலகம் முழுக்க விற்ற ஸ்பெக்ட்ரம்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதுவே. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் வீட்டில், பெண் பிள்ளையின் பெயரிலும் வந்த கம்ப்யூட்டர் அது. அண்ணன் அறைக்குப் போகவில்லை.

அதை அவர்கள் என்ன செய்தார்கள்? சினிமா பார்த்தார்கள், விற்றார்கள் என்று கேலி பேசிய குரல்கள் நிறைய அச்சாகிவிட்டன. ஸ்பெக்ட்ரம் வாங்கிய பிரிட்டிஷ் பிள்ளைகளும் பெரும்பாலும் விளையாடத்தான் செய்தார்கள். அதை வைத்து யாரும் அந்தத் தலைமுறையை மட்டம் தட்டவில்லை. நம் பிள்ளைகளிலும் அந்த மடிக்கணினியில் முதல் புரோகிராமை எழுதியவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்கெல்லாம் விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்தவர்கள் உண்டு. தமிழில் தட்டச்சு கற்று எழுத வந்தவர்கள் உண்டு. முதல் தொகுதியில் வாங்கியவர்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். பிரிட்டனில் ஸ்பெக்ட்ரம் கதைகளைத் தொகுக்க அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. கேம்பிரிட்ஜில் ஒன்று, பிளெட்ச்லி பார்க்கில் ஒன்று. இங்கே அந்தப் பெட்டிகள் பரணில் கிடக்கின்றன, அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது, எழுதியவர் பெயரோடும் அவர் எழுதிய முதல் ஃபைலோடும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். அதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் இப்போதும் சுழலும்.